குடிக்கணக்குக்கு முன் ஊரில் எத்தனை பேர்? புள்ளி ஏடு முதல் பின்னோக்கிய கணக்கு வரை ஓர் ஒப்பீடு

செட்டிநாட்டில் குடமுழுக்கு மலரோ ஊர் வரலாறோ தொகுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். கோவில் திருப்பணியின் வரலாறு கிடைத்துவிடும். ஊருணி வெட்டியவரின் பெயர் கல்லிலேயே இருக்கும். ஆனால் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட 1801ஆம் ஆண்டில் ஊரில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று கேட்டால் எந்தக் கல்லும் பேசாது. சென்னை மாகாணத்தில் முறையான குடிக்கணக்கு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) 1871இல்தான் எடுக்கப்பட்டது. இந்தியா முழுவதையும் ஒரே நாளை வைத்து எண்ணியது 1881 பிப்ரவரி 17 அன்று. அதற்கு முந்தியவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் மதிப்பீடுகளே.

இந்த ஆண்டு மூன்று மலர்க் குழுவினர் இதே கேள்வியோடு என்னிடம் வந்தனர். அவற்றுள் ஒரு குழுவில் மனத்தாங்கலே ஏற்பட்டிருந்தது. நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) நகரச் சிவன் கோவிலில், மணமான தம்பதியரை ஒரு புள்ளியாக எழுதிவைத்த பழைய புள்ளி ஏட்டில் 118 புள்ளிகள் இருப்பதைக் கண்ட பெரியவர் ஒருவர், புள்ளிக்கு 5 பேர் என்று வைத்து 590 என்றார். கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற மற்றொருவர் 1871இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு 1,512 என்றார். இரண்டரை மடங்கு வேறுபாடு. ஆனால் இருவர் கணக்கிலும் கூட்டல், பெருக்கல் பிழை ஏதும் இல்லை. இருவரும் எண்ணியது ஒரே மக்களைத்தானா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதலில் அளவுகோல்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதனிடம் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது அலகு: ஆவணம் எண்ணியிருப்பது ஆளையா, வீட்டையா, உலையையா (தனிச் சமையல் நடத்தும் குடும்பத்தையா), வரி கொடுப்பவரையா? இரண்டாவது எல்லை: அன்றைய ஊரும் இன்றைய ஊரும் ஒரே நிலப்பரப்பா? செட்டிநாட்டின் ஒரு பகுதி சிவகங்கை ஜமீனிலும், இராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் இருந்தன. 1871இல் சிவகங்கைப் பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது; 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனது; தனி மாவட்டமானது 1985இல். ஒரே ஊரின் எண்ணை மூன்று வெவ்வேறு தலைப்புகளின் கீழ் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

மூன்றாவது, விடுபட்டவர்கள் யார் என்பது. நான்காவது, அந்த அலகை ஆட்களாக மாற்றும் பெருக்கெண் எங்கிருந்து வந்தது என்பது. ஐந்தாவது, செலவும் உழைப்பும். இவற்றுள் நான்காவதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். பெரும்பாலான பிழைகள் ஆவணத்தில் இருப்பதில்லை, பெருக்கும் எண்ணில்தான் ஒளிந்திருக்கின்றன.

இதை ஒரு வீட்டை வைத்தே காட்டலாம். கானாடுகாத்தானுக்கு அருகில் ஓர் ஊரில், முகப்பிலிருந்து பின்கட்டு வரை இரண்டு தெருக்களைத் தொடும் ஒரு வீட்டில், 1930களில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று அந்த வீட்டு ஆச்சி ஒருவர் தம் சிறுவயது நினைவிலிருந்து எனக்குச் சொன்னார். மூத்த தம்பதியர், மணமான மூன்று மகன்கள், மூன்று மருமக்கள், ஏழு குழந்தைகள், கணவரை இழந்த அப்பத்தா: மொத்தம் 16 பேர். நகரத்தார் வழக்கப்படி மணமான மகனை வேறு வைத்துவிடுவார்கள். வளவு (வீடு) ஒன்றானாலும் உலை தனியாகும். மூத்த இரு மகன்களும் அவ்வாறு வேறு வைக்கப்பட்டிருந்தனர். இளையவருக்கு அப்போதுதான் திருமணமாகியிருந்ததால் அவர் பெற்றோருடனேயே உண்டார். ஆக வீடு 1, உலை 3, கோவில் கணக்கில் தம்பதிப் புள்ளி 4, ஆட்கள் 16. மகன்களுள் இருவர் கொண்டுவிக்க (வணிகம் செய்ய) பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போயிருந்ததால் இரவில் அந்த வீட்டில் உறங்கிய குடும்பத்தினர் 14 பேரே. அதே கூரையின்கீழ் தங்கியிருந்த சமையற்காரரும் காவற்காரரும் இந்த எந்தக் கணக்கிலும் வரவில்லை. பெருக்கெண்ணை வீட்டுக்கு 5 என்று வைத்தால் விடை 5. உலைக்கு 5 என்றால் 15. புள்ளிக்கு 5 என்றால் 20.

வழி ஒன்று: புள்ளி, தலைக்கட்டு, வீட்டுக் கணக்கைப் பெருக்குதல்

புள்ளிவிவரம் என்ற சொல்லைக் கேட்டாலே நகரத்தார் வீடுகளில் இளம்புன்னகை ஒன்று தோன்றும். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புள்ளியால் எண்ணப்பட்டு வருபவர்கள். திருமணம் நடந்ததும் அந்தத் தம்பதியர் தம் கோவிலில் ஒரு புள்ளியாகப் பதியப்படுகின்றனர். புள்ளி வரி அதைக் கொண்டே வசூலிக்கப்படுகிறது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது கோவில்கள் வழியாகவும், ஊர்தோறும் உள்ள நகரக் கோவில்கள் வழியாகவும் நடந்துவரும் இந்தப் பதிவு, தமிழ்நாட்டில் வேறு பல ஊர்களுக்குக் கிட்டாத நல்வாய்ப்பு. மற்ற சமூகத்தாரிடையே இதற்கு இணையாக இருப்பது திருவிழா வரிக்கான தலைக்கட்டு (வரி கொடுக்கும் குடும்பம்) பட்டியல்.

இந்த வழியின் வலிமை, ஊரிலேயே பிறந்த ஆவணத்தில் நிற்பது. அதன் மறைமுகச் செலவுகளோ பல. ஒன்பது கோவில் ஏடுகள் கோவில் பிரிவு வாரியாக அமைந்தவை. ஒரு கோவிலின் புள்ளிகள் பல ஊர்களில் பரவியிருப்பார்கள், ஓர் ஊரில் பல கோவில் புள்ளிகள் இருப்பார்கள். ஆகையால் ஓர் ஊரின் எண்ணுக்கு ஒரே ஏடு போதாது. துணையை இழந்தவரை அந்தக் கோவில் எவ்வாறு கணக்கில் வைத்தது என்பதைக் காரியக்காரரிடம் (கோவில் நிர்வாகியிடம்) முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏட்டைப் பார்க்க அனுமதி பெறுவதற்கே சில மாதங்கள் ஆகலாம். வரி தொடர்பான ஏடு என்பதால் அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு.

படிப்பதிலும் இடர் உண்டு. பழைய ஏடுகள் தமிழ் எண்களில் இருக்கும். ௨௱௪ என்று எழுதியிருந்தால் அது 204. நடுவிலுள்ள நூறு என்னும் குறியைக் கவனிக்காதவர் 24 என்று படித்துவிடுவார். முதல் முறை ஏடு பார்த்தபோது நானும் அப்படியே படித்து, ஊரே பாழாகிவிட்டதோ என்று ஒரு பக்கம் விளக்கம் வேறு எழுதிவிட்டேன். ஆண்டுக் குறிப்பும் அத்தகையதே: தாது வருஷம் என்று மட்டும் இருந்தால் அது 1876ஆகவும் இருக்கலாம், 1816ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுப் பிழை, இந்த ஆய்வில், இரண்டு தலைமுறைப் பிழை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஊரில் புள்ளி ஆகாதவர்கள் அனைவரும் வெளியே நிற்பது. அந்த மாளிகைகளைக் கட்டிய கொத்தர், தச்சர், கண்மாய்ப் பாசனத்தில் உழைத்த குடிகள், வண்ணார், நாவிதர், சேரி மக்கள் ஆகிய எவரும் புள்ளி ஏட்டில் இல்லை. பெரியவர் சொன்ன 590 என்பது, சரியாகவே இருந்தாலும், ஊரின் எண் ஆகாது. ஊரிலிருந்த நகரத்தாரின் எண் மட்டுமே.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. இங்கிலாந்தில் 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கில் சுமார் 2,69,000 குடும்பத் தலைவர்கள் பதிவாகியுள்ளனர். குடும்பத்துக்கு 3.5 பேர் என்று கொண்டவர்களுக்கு விடை 9 லட்சத்து 40 ஆயிரத்தை ஒட்டி வந்தது. 5 என்று கொண்டவர்களுக்கு 13 லட்சத்து 45 ஆயிரம். விடுபட்ட நகரங்களுக்கும் துறவிகளுக்கும் தனியே கூட்ட வேண்டியிருந்தது. சீனாவில் ‘திங்’ என்ற அலகை வெகுகாலம் ஆண்களின் எண்ணிக்கை என்றே நம்பிவந்தார்கள். அது காலப்போக்கில் வரி அலகாக மாறிவிட்டது என்பதை ஹோ பிங்-தி 1959இல் விரிவாக நிறுவினார். நம் தலைக்கட்டும் அவ்வாறு மாறியிருக்கக் கூடும்: நொடித்துப்போனவரை நீக்கியும், அரைத் தலைக்கட்டு, கால் தலைக்கட்டு என்று பிரித்தும் எழுதும் ஊர்களில் பட்டியல் காட்டுவது வசூலை, ஆட்களை அன்று.

தமிழ்நாட்டில் வீட்டுக் கணக்கு நன்றாக அமைந்த இடமும் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து, வீடுகளைச் சாதி, தொழில் வாரியாகப் பதிவு செய்தார். ஆனால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீர் (வருவாய் உரிமை பெற்ற நிலப்பகுதி). நம் பகுதிக்கு அத்தகைய ஆவணம் இல்லை. செங்கல்பட்டில் கிடைத்த குடும்ப அளவை எடுத்துச் செட்டிநாட்டுப் புள்ளியோடு பெருக்குவது, மேலே சொன்ன வீட்டைப் பார்த்தபின், யாருக்கும் துணிவு வராத காரியம்.

பெருக்கெண்ணை ஊரிலேயே செய்துகொள்ள ஒரு வழி உண்டு. இருபது, முப்பது குடும்பங்களின் வமிசாவளியை எடுத்து, ஒரே ஆண்டில் உயிரோடிருந்தவர்களைப் புள்ளிவாரியாக எண்ணிப் பார்க்கலாம். இறந்த குழந்தைகளும் மணமாகிச் சென்ற பெண்களும் வமிசாவளியில் விடுபடுவது வழக்கம் என்பதால் வரும் எண்ணைக் கீழெல்லை என்று கொள்ள வேண்டும்.

வழி இரண்டு: 1871இலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல்

இதன் கவர்ச்சி இதன் எளிமை. ஓர் ஊரில் 1871இல் 2,000 பேர் என்றால், ஆண்டுக்கு 0.4 சதவீத வளர்ச்சி என்று கொண்டு எழுபது ஆண்டுகள் பின்னே சென்றால் 1801இல் சுமார் 1,512 வரும். வளர்ச்சியே இல்லை என்றால் 2,000. ஆண்டுக்கு 1 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1,000. காகிதத்தில் ஒரு வரிதான். ஊரிலுள்ள எல்லாச் சமூகத்தாரையும் அது உள்ளடக்குகிறது. புள்ளி ஏட்டால் செய்ய முடியாதது இது.

ஆனால் அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று கணித ஆசிரியரைக் கேட்டபோது, பொதுவாக அப்படி வைப்பார்கள் என்றார். பொதுவாக வைப்பது ஊருக்குப் பொருந்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 1801இன் போர், 1817இல் வங்காளத்தில் கிளம்பி அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தை எட்டிய வாந்திபேதி ஆகியவை சீரான வளர்ச்சி என்ற எண்ணத்தையே உடைப்பவை. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் எடுத்த 1881 கணக்கில் சென்னை மாகாண மக்கள்தொகை சுமார் 3 கோடியே 8 லட்சம். 1871இல் அது சுமார் 3 கோடியே 12 லட்சம். பத்தாண்டில் வளர்ச்சி என்பதே இல்லை, தேய்வுதான். அடித்தளமாக 1881ஐ எடுத்தவருக்கும் 1871ஐ எடுத்தவருக்கும் 1801இன் விடை வேறுபடும்.

அடித்தள ஆண்டையும் முழுமையாக நம்பிவிட முடியாது. சென்னை மாகாணத்தில் 1851–52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் கணக்குத் திரட்டப்பட்டது. 1866–67 கணக்கில் சுமார் 2 கோடியே 65 லட்சம். 1871இல் 3 கோடியே 12 லட்சம். ஐந்தே ஆண்டுகளில் 18 சதவீதம் பேர் பிறந்து வளர்ந்துவிடவில்லை. எண்ணும் முறை திருந்தியது. 1822இன் எண்ணோ சுமார் 1 கோடியே 35 லட்சம்தான். அதையும் 1871ஐயும் நேர்கோட்டால் இணைத்து வளர்ச்சி வீதம் கண்டால், மக்கள் பெருகியதையும் கர்ணம் எண்ணக் கற்றுக்கொண்டதையும் ஒரே வீதமாகக் கலந்துவிடுகிறோம்.

இன்னொரு மறைமுகச் செலவு ஊரளவில் வருகிறது. தொடக்க கால அறிக்கைகளில் எளிதில் கிடைப்பது தாலுகா அல்லது ஜமீன் அளவிலான எண். ஊர்வாரிப் பட்டியல்களோடு கூடிய மாவட்டக் கையேடுகள் 1951 முதல் வெளிவந்தவை. ஆசிரியரின் 2,000 என்பது, 1951இல் தாலுகாவில் ஊருக்கிருந்த பங்கை அப்படியே 1871க்கு ஏற்றிக் கண்டது. இந்த எண்பது ஆண்டுகளில்தான் பர்மாப் பணம் மாளிகைகளாக எழுந்ததும், 1942இல் பலர் அங்கிருந்து எல்லாம் இழந்து திரும்பியதும், காரைக்குடி சுற்றுவட்டாரத்தை விழுங்கி வளர்ந்ததும் நடந்தன. பங்கு மாறாதிருந்தது என்று கொள்வதைவிட வலுக்குறைந்த அனுமானம் இந்தக் கணக்கில் வேறில்லை.

வழி மூன்று: நிலம், விளைச்சல், படை

பெரிய நாட்டுக்கு ஏற்ற வழி இது. 1600இல் இந்தியாவில் சுமார் 10 கோடி பேர் என்று மோர்லாண்டு 1920இல் வெளியிட்ட மதிப்பீடு இவ்வாறு வந்ததே. வட இந்தியச் சமவெளிக்கு அவர் சாகுபடிப் பரப்பைப் பயன்படுத்தினார்; தக்காணத்துக்கும் தென்னாட்டுக்கும் அத்தகைய கணக்கு இல்லாததால் படையின் அளவை எடுத்து, ஒரு வீரனுக்கு 30 குடிகள் என்று கொண்டு 3 கோடி என்றார். பின்னர் கிங்ஸ்லி டேவிஸ் 12.5 கோடி என்று உயர்த்தினார். ஷிரீன் மூஸ்வி அக்பர் காலத்து வருவாய்க் கணக்கை விரிவாக ஆராய்ந்து 14.5 கோடியை ஒட்டிய எண்ணுக்கு வந்தார். சுமித் குஹா அதைக் குறைத்து 11.6 கோடி என்றார். அறிஞர் நால்வர் கையிலும் ஏறக்குறைய அதே அடிப்படைச் சான்றுகளே இருந்தன.

செட்டிநாட்டுக்கு இந்த வழி பொருந்தாது என்பது என் முடிவு. செம்மண்ணும் செம்பாறையும் கலந்த வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிலம் எத்தனை பேருக்குச் சோறு போடும் என்று கணக்கிட்டால் ஊரில் பாதிப் பேர் இருந்திருக்கவே முடியாது. அவர்களுக்கு அரிசி வந்தது வணிகப் பணத்தில். விளைச்சலைக் கொண்டு ஆட்களை எண்ணும் முறை, விளைச்சலால் மட்டும் வாழ்ந்த ஊர்களுக்கே உரியது. தஞ்சாவூர்க் கழனி ஊர் ஒன்றின் வரலாற்றை எழுதுபவர் இதைத் தாராளமாகக் கைக்கொள்ளலாம்.

வழி நான்கு: குடியிருப்பின் பரப்பு

எழுத்தே இல்லாத காலத்துக்கு வேறு வழியில்லை. கீழடி மேடு சுமார் 110 ஏக்கர். மேற்காசிய அகழாய்வாளர்கள் பரவலாகக் கையாளும் ஏக்கருக்கு 40 முதல் 80 பேர் என்ற அளவைப் பொருத்தினால் 4,400 முதல் 8,800 வரை வரும். இதை யாரும் மலரில் அச்சிட்டுவிட வேண்டாம். மேடு முழுவதும் வீடுகளாகவும், எல்லா வீடுகளிலும் ஒரே காலத்தில் ஆட்கள் இருந்ததாகவும் கொண்டால் மட்டுமே அது நிற்கும், தோண்டப்பட்டிருப்பதோ சிறு பகுதி. செட்டிநாட்டு ஊர்களுக்கு இந்த அளவு இன்னும் ஏறுமாறாகும். ஒரே வீடு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும். அதில் பாதி பண்டகசாலையும் விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் கூடங்களும்.

வழி ஐந்து: பிறப்பு, இறப்புப் பதிவு

1662இல் லண்டனின் மக்கள்தொகையை மதிப்பிட்ட ஜான் கிராண்ட், ஆண்டுக்கு 12,000 பிறப்பு, இரண்டாண்டுக்கு ஒரு பேறு என்று கொண்டால் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் 24,000, குடும்பங்கள் அதன் இரு மடங்காக 48,000, குடும்பத்துக்கு வேலைக்காரர் உட்பட 8 பேர் என 3,84,000 என்றார். அவரிடம் நாம் கற்க வேண்டியது இந்தப் பெருக்கலை அன்று. அவர் இறப்புக் கணக்கைக் கொண்டும், வரைபடத்தில் சதுரம் சதுரமாகக் குடும்பங்களை எண்ணியும் அதே 48,000ஐ ஒட்டி வருகிறதா என்று தனித்தனியே பார்த்தார். இங்கிலாந்தில் 404 பங்குகளின் (கிறித்தவத் திருச்சபை வட்டங்களின்) பதிவேடுகளைக் கொண்டு 1541 வரை பின்சென்று ரிக்லியும் ஸ்கோபீல்டும் 1981இல் வெளியிட்ட மறுகட்டமைப்பே இந்த வழியின் உச்சம். செட்டிநாட்டைச் சூழ்ந்த பகுதியில் சருகணி, ஓரியூர் போன்ற கத்தோலிக்க ஊர்களைப் பற்றி எழுதுபவர்கள் திருமுழுக்கு ஏடுகளை முதலில் விசாரிக்க வேண்டும். மற்ற ஊர்களுக்கு இந்த வழி அடைபட்டதே.

ஒரே பார்வையில்

| வழி | எண்ணும் அலகு | விடுபடுவோர் | மறைமுகச் செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| புள்ளி, தலைக்கட்டு | தம்பதி, வரிக் குடும்பம் | ஏட்டுக்கு வெளியே உள்ள சமூகத்தார், பணியாட்கள் | அனுமதி, தமிழ் எண், வருடப் பெயர் | ஒரு சமூகத்தின் வரலாறு |
| பின்னோக்கிய கணக்கு | ஆள் | பெரும்பாலும் எவருமில்லை | ஊகித்த வளர்ச்சி வீதம், எல்லை மாற்றம் | ஊர் முழுமைக்கும் மேல், கீழ் எல்லை |
| நிலம், படை | வயிறு, வீரன் | வணிகத்தால் வாழ்ந்தோர் | பெருக்கெண் முழுதும் ஊகம் | கழனி ஊர், பெருநாடு |
| பரப்பு | ஏக்கர் | சொல்ல இயலாது | ஒரே காலக் குடியிருப்பு என்ற அனுமானம் | எழுத்துக்கு முந்திய காலம் |
| பிறப்பு, இறப்பு | நிகழ்வு | வேறு சமயத்தார் | பல மாத ஏட்டு வேலை | பங்குப் பதிவேடு உள்ள ஊர் |

எந்த ஊருக்கு எது

குலம் அல்லது கோவில் பிரிவின் வரலாறு எழுதுபவருக்குப் புள்ளி ஏடே போதும். வேறெதையும் தேடி அலைய வேண்டாம். ஊர் வரலாறு எழுதுபவர் பின்னோக்கிய கணக்கை எடுத்துக்கொண்டு, வளர்ச்சி வீதத்தை ஒன்றாக வைக்காமல் 0, 0.4, 1 என மூன்றாக வைத்து, வரும் எண்களை எல்லைகளாகக் கொள்ள வேண்டும். ஒரே மாதமும் ஒரே ஆளும்தான் இருக்கிறார்கள் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதைவிட ஊரிலுள்ள தலைக்கட்டு நோட்டுகளைத் திரட்டுவது பயன் தரும். காப்பகம் எங்கும் போய்விடாது. நோட்டுகள் ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது பழைய காகிதக்காரரிடம் போய்க்கொண்டிருக்கின்றன.

மேலே சொன்ன குழு செய்தது இது. 590ஐயும் 1,512ஐயும் மோதவிடாமல் அருகருகே வைத்தார்கள். இரண்டுக்கும் இடையேயுள்ள 900 சொச்சம் பேர், இரண்டு மதிப்பீடுகளும் ஓரளவு சரியென்றால், நகரத்தார் அல்லாத ஊரார். அந்த மக்களைப் பற்றி மலரில் அதுவரை ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை என்பதைக் கணித ஆசிரியர்தான் சுட்டிக்காட்டினார். 1,512 என்பதில் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு எந்தப் பொருளும் இல்லை என்று நான் சொன்னபோது அவர் சற்று வருந்தினார், பிறகு ஒப்புக்கொண்டார். அச்சுக்குப் போன வரி இது: ‘1800ஐ ஒட்டி ஊரில் 1,000 முதல் 2,000 பேர் வரை வாழ்ந்திருக்கலாம், அவர்களுள் நகரத்தார் 500 முதல் 600 வரை, நகரத்தார் எண் புள்ளி ஏட்டிலிருந்தும் மொத்த எண் 1871 குடிக்கணக்கிலிருந்தும் கணக்கிடப்பட்டவை.’ பெரியவர் இப்போது ஊர் எல்லையிலுள்ள ஐயனார் கோவில் புரவியெடுப்புக் கணக்கு நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்; புரவி செய்யும் வேளார் (குயவர்) வீட்டுப் பரணில் ஒரு கட்டு இருக்கிறதாம்.